கேதத் தண்ணி

எங்கள் ஊராட்சி அலுவலகத்தின் வெளிச்சுவரில் ஒரு தகரப் பலகை இருக்கிறது. வடக்குத் தெரு, பள்ளிவாசல் தெரு, கீழத் தெரு, தெற்குத் தெரு, மேலத் தெரு, காலனி என்று ஆறு பெயர்கள் மேலிருந்து கீழாக எழுதியிருக்கும். அதுதான் ஊரின் தண்ணீர் முறை. முதலில் பெயர்களுக்கு நேரே கிழமைகளும் போட்டிருந்தோம். மோட்டார் ஒரு நாள் படுத்துக்கொள்ளும், கரண்ட் ஒரு நாள் வராது, எல்லாத் தெருவும் ஒரு நாள் தள்ளிப்போகும். பலகையில் வியாழன் என்று போட்டிருக்கிறதே என்று ஆட்கள் குடத்தோடு வந்து என் மேஜை முன்னால் நிற்பார்கள். பதில் சொல்லி மாளாமல் ஒரு நாள் நானே துணியில் மண்ணெண்ணெய் தொட்டுக் கிழமைகளை அழித்துவிட்டேன்.

நான் இந்த ஊராட்சியின் செயலர். ஊருக்குக் கிளார்க்கம்மா. பரளச்சிப் பக்கம் இருக்கிற இந்த ஊருக்கு வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தெருவிளக்கு எரியவில்லை, வாய்க்கால் அடைத்துக்கொண்டது, நூறு நாள் வேலையில் பெயர் விட்டுப்போனது, தெருமுனையில் நாய் செத்துக் கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் என் போன் நம்பர்தான். எனக்கு முன்கோபம் உண்டு. அதை அடக்குவதற்கு, யார் என்ன குறை சொன்னாலும் "எழுதிக் குடுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பாதிப் பேர் எழுத அலுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எழுதிக்கொண்டு வருகிறவர்களின் குறை அநேகமாக உண்மையாக இருக்கும்.

இது வானம் பார்த்த பூமி. ஊருக்கென்று இருப்பது கண்மாய்க் கரையில் ஒரு போர். இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடினால் மூன்று மணி நேரம் ஊறவிட வேண்டும். இப்படி விட்டுவிட்டு ஓட்டினால் ஒரு நாளில் மேல்நிலைத் தொட்டி நிறையும். ஒரு தொட்டித் தண்ணீர் ஒரு தெருவுக்குத்தான் காணும். நிறைந்ததைத் தேக்கி வைக்கவும் வழியில்லை, தொட்டியின் அடியில் வெடிப்பு. ஒரு நாள் நிறுத்தி வைத்தால் பாதி சுவர் வழியாகவே வடிந்துவிடும். புதுத் தொட்டிக்கு மதிப்பீடு போட்டு அனுப்பியிருக்கிறோம், அது எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியவில்லை. குடிக்கிற தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தனியாக வரும். நான் சொல்வது குளிக்க, துவைக்க, கழுவ ஆகிற உப்புத் தண்ணீர். இப்போது வீட்டுக்கு வீடு குழாய் போட்டாகிவிட்டது, ஆனாலும் ஒரு தெருவுக்கு ஆறு நாளைக்கு ஒரு தரம்தான்.

இந்த முறையை மீறுகிற ஒரே காரியம் சாவு. ஒரு தெருவில் சாவு விழுந்தால் அன்றைய தொட்டி அந்தத் தெருவுக்கு. யாருடைய முறையாக இருந்தாலும் அவர்கள் ஒரு நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உடலைக் குளிப்பாட்ட, கேதத்துக்கு வந்த சொந்தபந்தம் திரும்பும்போது குளித்துவிட்டுப் போக, மறுநாள் வீடு கழுவிவிட என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து. கேத வீட்டுக்காக விடுவதால் அதற்குக் கேதத் தண்ணி என்று பேராகிவிட்டது.

இதைக் கொண்டுவந்தவர் மேலத் தெரு வார்டு மெம்பர். பதவி போய்ப் பல வருடம் ஆன பிறகும் ஊரில் மெம்பர் என்றால் அவர்தான். தெருமுனையில் சின்ன மளிகைக் கடை, சீசனில் மல்லியும் உளுந்தும் வாங்கி அருப்புக்கோட்டைக்கு அனுப்புவார். அவருடைய அப்பா இறந்தது ஒரு சித்திரை மாதம். மேலத் தெருவுக்குத் தண்ணீர் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. எந்த வீட்டில் கேட்டாலும் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார்கள். தெற்குத் தெருவில் அன்றைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மெம்பரே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குடத்தோடு அங்கே போயிருக்கிறார். வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நின்றிருக்கிறார். இரண்டு குடம் கிடைத்தது. அதை வைத்துத்தான் அவருடைய அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். வந்த சனம் குளிக்காமல் பஸ் ஏறியது.

பதினாறு நாள் கழித்து நடந்த கூட்டத்தில் இதை அவர் சொன்னபோது நான் மினிட் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். குரலை உயர்த்தவில்லை. தெற்குத் தெருக்காரர்களைக் குறை சொல்லவும் இல்லை. தீர்மானத்தை மட்டும் எழுதச் சொன்னார். நான் எழுதியதை மூன்று முறை கிழிக்க வைத்தார். "தெருக்கள்" என்று நான் எழுதியிருந்ததைக் காலனி சேர்த்து ஆறு தெரு என்று பிரித்து எழுதச் சொன்னார், பின்னால் யாரும் எண்ணிக்கையைக் குறைத்துவிடக் கூடாது என்று. "சாவு நேர்ந்த பின்" என்ற வார்த்தைகளும் அவர் சொல்லிச் சேர்த்தவைதான். சாகக் கிடக்கிறார், இழுத்துக்கொண்டிருக்கிறது என்று ஆளாளுக்கு வந்து நிற்பார்கள் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் கூட்டத்துக்கு வருகிறார் என்றாலே எனக்குத் தலைவலி மாத்திரை வேண்டும்.

ஆனால் அந்தத் தீர்மானம் நின்றது. வாய்க்காலுக்கும் வரப்புக்கும் அடித்துக்கொள்கிற ஊரில் கேதத் தண்ணிக்கு மட்டும் இதுவரை தகராறு கிடையாது. பள்ளிவாசல் தெருவிலும் காலனியிலும் ஒரே நாளில் சாவு விழுந்தபோது அவர்களே பேசி ஆளுக்கு அரைத் தொட்டி பிரித்துக்கொண்டார்கள். தணிக்கைக்கு வந்த ஒருவர் இது எந்தச் சட்டப் பிரிவில் வருகிறது என்று கேட்டார். எதிலும் வராது என்று விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார். சாவு விழுந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் துக்கம், தெரு முழுக்கத் தண்ணீர். அழுதுகொண்டே அண்டா மாற்றுகிற பெண்களை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொரு பழக்கமும் தானாக வந்து சேர்ந்துவிட்டது. முறையில்லாத நாளில் ஒரு தெருவுக்குத் தண்ணீர் வந்தால் அங்கே சாவு என்று ஊருக்குத் தெரிந்துவிடும். வெடிச் சத்தமும் மேளமும் அதற்குப் பிறகுதான்.

மெம்பருக்கு எழுபத்தாறு வயதில் உடம்புக்கு வந்தது. மதுரையில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். பிறகு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பிள்ளை திருப்பூரில் வேலை, வந்து வந்து போய்க்கொண்டிருந்தான். மகள் காரியாபட்டியில் கட்டிக்கொடுத்தவள், வாரத்துக்கு மூன்று நாள் வந்து தங்குவாள். மற்ற நேரமெல்லாம் அவருடைய மனைவிதான் தனியாகப் பார்த்துக்கொண்டார். அந்த அம்மா பேசி நான் அதிகம் கேட்டதில்லை. கடையில் சாமான் மடித்துக் கொடுக்கும்போதுகூட விலையை மெம்பர்தான் சொல்வார். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன், மெம்பரை அண்ணாச்சி என்று.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு மதினி அலுவலகத்துக்கு வந்தார். இருபது வருடத்தில் அவர் அந்தப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கரண்டு கெடையாதாம்ல தாயி?"

"வீட்டுக்கெல்லாம் வரும் மதினி. போருக்குப் போற லைன்ல கம்பம் மாத்துறாக. இன்னைக்குப் பத்து மணிக்கு நிறுத்துனா நாளைக்குச் சாயங்காலம்தான்."

"அப்ப தொட்டி?"

"அதுக்கப்பறம் ஓட்டி, ஞாயித்துக்கெழம ராத்திரி நெறைஞ்சா உண்டு. இப்ப இருக்கிற தொட்டி வடக்குத் தெருவுக்கு. ஒம்பது மணிக்குத் தெறந்துருவாக."

அவர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"நர்சம்மா வந்து பாத்துட்டுப் போச்சு. இன்னைக்கு ராத்திரி தாண்டுறதே கஷ்டமுங்குது. இவுகப்பாவ ரெண்டு கொடத் தண்ணியில தூக்கிட்டுப் போனாக. அத இவுக வாழ்நா பூராச் சொல்லிச் சொல்லி வெசனப்பட்டாக. இவுகளுக்கும் அப்படி ஆயிரக் கூடாது தாயி. நான் கேட்டேன்னு தெரிய வேணாம்."

இவ்வளவையும் தரையைப் பார்த்தே சொன்னார். நான் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை.

அப்போது ஊராட்சிக்குத் தலைவரும் இல்லை, மெம்பர்களும் இல்லை. பதவிக்காலம் முடிந்துவிட்டது, தேர்தல் வரும்வரை தனி அலுவலர். அவருக்கு ஏகப்பட்ட ஊராட்சிகள். வால்வைத் திறப்பதற்கெல்லாம் அவரைக் கூப்பிட முடியாது. முடிவு என் கையில் இருந்தது. சாவு நேர்ந்த பின் என்று என் கையெழுத்தில் எழுதியிருப்பது எனக்குத் தெரியும். அந்த மனிதர் பொழுது விடிவதற்குள் போய்விடுவார், நாம் தண்ணீரை ஒரு நாள் முந்தித் திறக்கிறோம், அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பும் இருந்தது.

டேங்க் ஆபரேட்டருக்குப் போன் செய்தேன்.

"தம்பி, வடக்குத் தெருவ நிறுத்துங்க. மேலத் தெருவுக்குத் தெறங்க."

"மெம்பரு போயிட்டாகளாக்கா?"

"தெறங்க தம்பி. நான் சொல்றேன்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. திறந்துவிட்டு, வால்வு நோட்டில் தேதி, நேரம் போட்டு, காரணம் என்ற கட்டத்தில் கேதம் என்று எழுதிவிட்டார். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

பத்து மணி வாக்கில் மதினியின் போனிலிருந்து அழைப்பு வந்தது. மதினிதான், முடிந்துவிட்டது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றுகொண்டே எடுத்தேன். பேசியது மெம்பர்.

"கிளார்க்கம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போ."

மேலத் தெருவில் நான் நடந்தபோது எல்லா வீட்டு முன்னாலும் ஹோஸ் கிடந்தது. பெண்கள் பேசாமல் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாதாரணமாகத் தண்ணீர் வரும் நாளில் அந்தத் தெருவில் இருக்கிற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அன்று ஒருத்திகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மெம்பர் வீட்டு வாசலில் வடக்குத் தெருப் பெரியவர் ஒருவர், தோளில் துண்டோடு, செருப்பைக் கழற்றவா மாட்டவா என்று தெரியாமல் நின்றிருந்தார். முறை மாறியதைக் கண்டு கேதத்துக்கென்று வந்தவர். உள்ளே எட்டிப் பார்த்தால் மெம்பர் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாராம். இதை அவரே என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

முன்னறையில் கதவுக்குப் பக்கத்தில் கட்டில். கதவுக்கு வெளியே முற்றத்துக் குழாய், இரண்டு நீல டிரம். ஒன்று நிறைந்து மற்றதும் முக்கால் ஆகியிருந்தது. மதினி ஹோஸைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"இன்னைக்கு யாரு முறை?" என்றார் மெம்பர். குரல் நூலாக இருந்தது, ஆனால் தெளிவு.

"வடக்குத் தெரு அண்ணாச்சி."

"நம்ம தெருவுல யாரு?"

வால்வு பழுது, மாற்றித் திறந்துவிட்டார்கள் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. என் வேலையில் இப்படிப்பட்ட பொய்கள் ஆயிரம் சொல்லியிருக்கிறேன். அவரிடம் வரவில்லை.

"யாரும் இல்லண்ணாச்சி."

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"மொதல்ல கொழாயில காத்து வந்துச்சு, புஸ்ஸுன்னு. நாள எண்ணிப் பாத்தேன். முந்தாநேத்துத்தான் நம்மளுக்கு வந்துச்சு. அப்ப தெருவுல யாரோ போயிட்டாகன்னு தெருக்கோடியில இருந்து ஒவ்வொரு வீடா நெனச்சுக்கிட்டு வந்தேன். எல்லாரும் நல்லாத்தான் இருக்காக. கடைசியில நம்ம வீட்டுக்கு வந்து நின்னேன்."

கட்டிலோரத்தில் உட்கார்ந்தேன்.

"யாரு கேட்டா?"

டிரம்மில் தண்ணீர் விழுகிற சத்தம் மாறியது. மதினியின் கை அசைந்திருக்க வேண்டும்.

"யாரும் கேக்கல. கரண்டு இல்லையேன்னு நானாத்தான் செஞ்சேன்."

"நீயா. எழுதிக் குடுக்காம ஒரு பல்பு மாட்டியிருப்பியா நீ?" என்றார். சிரிக்கப் பார்த்து இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் முற்றத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். கோபமாகப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. "சரி. வால்வ அடைக்கச் சொல்லு. மிச்சத்த வடக்குத் தெருவுக்கு விடு."

"அண்ணாச்சி, நாளைக்கும் தண்ணி கெடையாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா..."

"ஆனா ஆகட்டும். செத்தாத்தான தண்ணி? அப்படித்தான எழுதியிருக்கு?"

அங்கிருந்தே ஆபரேட்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். குழாயில் தண்ணீர் மெலிந்து, இழைந்து, நின்றது. தெருவில் பாதிக் குடத்தோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். மதினி ஹோஸைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். அவர் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். புருஷனுக்குக் கடைசியாகச் செய்ய நினைத்ததையும் செய்ய விடமாட்டாரோ என்ற பயம் அப்பட்டமாக இருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பும்போது எனக்கு என்மேல் ஆத்திரமாக வந்தது. தொட்டியடிக் குழாயில் பத்துக் குடம் பிடித்து மாட்டுவண்டியில் சத்தமில்லாமல் அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அது தோன்றவே இல்லை. தெரு, முறை, வால்வு என்று இருபது வருடமாகப் புத்தி ஒரே தடத்தில் ஓடிப் பழகிவிட்டது. உயிரோடு இருக்கிற மனிதனின் காதுக்குள் அவன் சாவைத் திறந்துவிட்டேன். அவர்மேலும் கோபம் வந்தது. சாகிற நேரத்திலாவது தீர்மானத்தை மறந்து தொலைக்கக் கூடாதா இந்த மனிதர் என்று.

ஆபரேட்டர் வால்வு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கேதம் என்பதை அடித்தேன். காரணக் கட்டம் வெறுமனே இருக்கக் கூடாது. செயலர் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆபரேட்டர் அதைப் படித்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று இரவு அவர் தாண்டினார். மறுநாளும் தாண்டினார். ஞாயிற்றுக்கிழமை அரை இட்லி சாப்பிட்டார் என்று தகவல் வந்தது. மேலத் தெருவுக்கு இப்போது புதுச் சங்கடம். சாவுக்கென்று வந்த தண்ணீர் அண்டாவில் கிடக்கிறது, சாவு வரவில்லை. ஒருத்தி அதை முருங்கைக்கு ஊற்றினாள். ஒருத்தி என்னை வழியில் நிறுத்தி, "இதுல துணி தொவைக்கலாமா கிளார்க்கம்மா?" என்று கேட்டாள். தாராளமாகத் துவைக்கலாம் என்றேன். அந்தக் கேள்விக்கு ஊராட்சிச் செயலரிடம் பதில் எதிர்பார்க்கிறார்களே என்று வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். மெம்பர் வீட்டு இரண்டு டிரம்மையும் மதினி மூடி போட்டு அப்படியே வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் அதைக் கொட்டவும் இல்லை, தொடவும் இல்லையாம். கட்டிலில் இருந்து பார்த்தால் நேரே தெரிகிற இடத்தில் அவை இருந்தன.

செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் ஒரு வீட்டு வரி நோட்டீஸ் கொடுக்க மேலத் தெருவுக்குப் போனேன். தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் பாத்திரம் கழுவிய தண்ணீர்கூடச் செடிக்குத்தான் போகும், வாசலுக்கு வராது. குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்து ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். அது மெம்பர் வீட்டு முற்றத்தில் போய் முடிந்தது.

சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்பில் ஒரு துண்டோடு அவரை உட்கார வைத்திருந்தார்கள். மகள் பின்னால் நின்று தோளைப் பிடித்திருந்தாள். மதினி டிரம்மில் இருந்து செம்பில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு டிரம் காலி. உடம்பு எலும்பெடுத்துக் கிடந்தது. இரண்டு மாதத்துக்கு மேலாக ஈரத் துணியால் துடைத்துவிட்டதோடு சரி, குளிக்கவில்லை. நான் பின்வாங்கப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"கொழா ஒடஞ்சிருச்சுன்னு வந்தியா?"

"ஆமாண்ணாச்சி."

"ஒடையல. இது கேதத் தண்ணி." தண்ணீர் வழிகிற கண்ணைத் திறக்காமலே பேசினார். "இத யாருக்கு மூடி வச்சிருக்கன்னு இவகிட்டக் கேட்டேன். வாயத் தெறக்க மாட்டேங்குறா. எனக்குத்தான? நான் அறியாம என்னத்துக்கு ஊத்தணும்? இப்ப ஊத்துன்னு சொல்லிட்டேன்."

மதினி ஒவ்வொரு செம்புக்கும் "போதுமா?" என்று கேட்டார். "ஊத்து" என்றார் அவர். திரும்பவும் "போதுமா?" திரும்பவும் "ஊத்து."

"நாப்பத்தெட்டு வருசத்துல ரெண்டாவது வாளி கேட்டதில்ல தாயி," என்றார் மதினி என்னைப் பார்த்து. அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனால் கை நிற்கவில்லை, செம்பையும் அரைச் செம்பாக மொள்ளவில்லை.

நான் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போய்விட வேண்டும் என்று தெரிந்தும் போகவில்லை. அவர் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. டிரம்மின் அடியில் செம்பு உரசும்போது அவர் கையை உயர்த்தினார்.

"நோட்டுல எழுதிக்க, கிளார்க்கம்மா. மேலத் தெருவுக்கு ஒரு கேதத் தண்ணி ஆச்சு. ஒரு சாவுக்கு ஒரு தரம்தான். திரும்பத் தெறக்காத."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, "சரிண்ணாச்சி" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை விடிந்ததும் ஆபரேட்டர் கூப்பிட்டார். "அக்கா, மெம்பரு தவறிட்டாக. இந்தத் தடவ நானே போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். தொட்டி நெறஞ்சிருக்கு. கீழத் தெருவுக்குச் சொல்லிட்டேன், ஒண்ணுஞ் சொல்லல அவுக. மேலத் தெருவுக்குத் தெறந்துறவா?"

"இருங்க. நான் அங்க போயிட்டுச் சொல்றேன்."

முன்னறையில் கட்டிலை எடுத்துவிட்டுப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள். மதினி தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தெறந்துட்டாகளா?"

"இன்னும் இல்ல மதினி. இப்பச் சொல்லிர்றேன்."

"சொல்லாத. வேணாம்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காக. நேத்து ராத்திரிகூட, கிளார்க்கம்மாகிட்டச் சொல்லியிருக்கேன், மறந்துருவா, நீ ஞாபகப்படுத்துன்னாக."

அப்போதும் எனக்கு மனம் வரவில்லை. நிறைந்த தொட்டி இருக்கிறது, கொடுக்க ஊர் தயாராக இருக்கிறது. பத்து நாளைக்கு முன்னால் இந்தத் தண்ணீருக்காக என் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவரும் இவர்தான். அதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். போனில் ஆபரேட்டர் காத்துக்கொண்டிருந்தார். "எந்தத் தெருவுக்குக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார். கீழத் தெருவுக்குத் திறக்கச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் எந்தக் கேத வீட்டிலும் நான் அழுததில்லை.

பக்கத்தில் இருந்த மதினியின் நாத்தனாருக்கு இது பொறுக்கவில்லை. கீழத் தெருவுக்கு விட்டுவிட்டால் இங்கே என்ன செய்வது, சனம் வந்துகொண்டிருக்கிறது, அடுப்படியில் ஒரே ஒரு குடம்தான் இருக்கிறது என்றார். "ஒத்தக் கொடத்த வச்சு எங்கண்ணன எப்படிக் குளிப்பாட்டுவ?"

மதினி மெம்பரின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"அந்த ஒரு கொடத்தச் சாத்திரத்துக்கு ஊத்துங்க, போதும்," என்றார். "அவுக போன செவ்வாக்கெழமையே நல்லாக் குளிச்சிட்டாக."